காட்டைப் பற்றிய கார்ட்டூன் படத்தில் பாலைமரம் நிற்க வேண்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காடுகளைப் பாதுகாப்பது பற்றிப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்ல அனிமேஷன் படங்களைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு இப்போது கூட்டங்களிலும் பாடசாலைகளிலும் அடிக்கடி கேட்கிறது. மிக நல்ல யோசனை. முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பகுதியில் இதுவரை நான் பார்த்த அத்தகைய படம் ஒன்றில்கூட வன்னிக் காடு இல்லை. பாலை இல்லை, முதிரை இல்லை, வீரை இல்லை. குளம் இல்லை. காட்டை நம்பிப் பிழைக்கும் மனிதரும் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்காமல் எத்தனை படம் காட்டினாலும் பலன் இராது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் தச்சுப்பட்டறை வைத்திருப்பவன். தகப்பனாரிடம் தொழில் பழகினேன். கதவு, யன்னல், கட்டில், மேசை, கதிரை, இடைக்கிடை கோயில் வாகனங்கள் திருத்தும் வேலை. மரத்தால் சீவிக்கிறவன் காட்டைக் காப்பாற்றுவது பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மரம் வளர எடுத்த காலம் அதை அறுத்து உள்ளே பார்க்கிறவனுக்குத் தெரியும். காடு போனால் முதலில் பூட்டப்படுவதும் என் பட்டறைதான்.

ஜூன் 5 சுற்றாடல் தினத்தையொட்டி எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் ஒரு கார்ட்டூன் படம் காட்டினார்கள். பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். மண்டபத்து யன்னல்களைப் பாய்களால் மறைத்து, வெள்ளைச் சேலையைச் சுவரில் கட்டி, எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டர் தேடி எடுத்து வந்திருந்த ஆசிரியர்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. கிடைத்த படத்தைத்தானே அவர்கள் காட்ட முடியும்? படத்தில் கூம்பு கூம்பாக மரங்கள். மேலே பனி. தவிட்டு நிறத்தில் கொழுத்த கரடி ஒன்று, கிளைத்த கொம்போடு மான் ஒன்று. மரவெட்டி ஒருவன் வருகிறான். சிவந்த கண், கோணல் பல், தன்னைவிடப் பெரிய கோடரி. மிருகங்கள் எல்லாம் கூடி அவனைத் துரத்தி ஆற்றில் தள்ளுகின்றன. கடைசியில் ஒரு சிறுமி மரக்கன்று நடுகிறாள், பாட்டு வருகிறது, படம் முடிகிறது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு முன்வாங்கில் இருந்த பையனும் தட்டினான். அவனுடைய தகப்பன் இரவில் உழவு இயந்திரத்தில் மரம் இழுக்கப் போகிறவர் என்பது அந்த மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போனால் அந்தப் பையன் தகப்பனில் எதைப் பார்ப்பான்? சிவந்த கண்ணும் கோணல் பல்லும் அங்கே இல்லை. களைத்துப் போய் வந்து, பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசு கொடுக்கிற ஒரு மனிதர்தான் இருக்கிறார். ஆகவே படத்தில் வந்த கெட்டவன் வேறு யாரோ, பனி பெய்யும் தேசத்தில் எங்கோ இருப்பவன் என்றே பிள்ளை முடிவு செய்யும். அந்த மரங்களும் வேறெங்கோ நிற்கிற மரங்கள். நம் வீட்டுப் பின்வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொடங்கும் காட்டுக்கும் அந்தப் படத்துக்கும் எந்தத் தொடர்பும் ஏற்படாது.

கரடியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் காட்டுக் கரடி கறுப்பு. உடம்பெல்லாம் சடைத்த மயிர், நெஞ்சில் வளைந்த வெள்ளைக் கோடு, வெளிறிய நீண்ட மூஞ்சி, விரல் நீளத்துக்கு நகம். கறையான் புற்றைக் கிளறி, உதட்டைக் குவித்து உறிஞ்சினால் அந்தச் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுத்தால் மரத்தில் ஏறிக் கொப்பில் குந்தியிருந்து தின்னும். அந்த விதை அதன் எச்சத்தோடு வேறோர் இடத்தில் விழுந்து முளைக்கும். கரடியிடம் அகப்பட்டு முகம் கிழிந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஆகவே அதைக் கட்டிப்பிடிக்கிற பொம்மையாக்கவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி வரைந்தாலே போதும். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிய அனுபவம் நம் பிள்ளை எல்லாருக்கும் இருக்கிறது. தனக்குப் பிடித்த அதே பழத்துக்கு அந்தக் கரடியும் காத்திருக்கிறது என்பதைப் படத்தில் கண்டால் பிள்ளை மறக்காது. கொப்பை வெட்டி விழுத்திப் பழம் பொறுக்கிக்கொண்டு வந்து வீதியோரத்தில் விற்கிற பெரியவர்களும் அதைக் கண்டால் நல்லது. வெட்டிய கொப்பில் அடுத்த வருடம் பழம் வராது.

அனிமேஷன் எதற்கு, கமராவால் எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் கமராவால் எடுக்க முடியாது. முக்கியமாக, காலத்தை எடுக்க முடியாது.

தேக்கங்குற்றியைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள் தெளிவாகத் தெரியும். விரல் வைத்து எண்ணலாம். பாலையில் அப்படி எண்ணுவது எளிதல்ல. அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு ஆறுதலாக வளர்ந்த மரம். அதன் துண்டொன்றைத் தண்ணீரில் போட்டால் அடியில் போய் இருக்கும். வாளின் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். அந்த உறுதிக்காகத்தான் அந்த நாளில் ரயில் பாதைக்குப் பாலைச் சிலிப்பர் கட்டைகளைப் போட்டார்கள். 1990இல் போரால் வடக்குக்கான ரயில் நின்ற பிறகு அந்தச் சிலிப்பர்கள் பங்கர்களுக்குக் கூரை தாங்கின. இத்தகைய மரம் ஒன்று முளையிலிருந்து முழு மரமாவதை எந்தக் கமராக்காரர் காத்திருந்து எடுப்பார்? வரைகிறவர் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார்.

அந்த ஒரு நிமிடம் எப்படி இருக்க வேண்டும் என்று பட்டறையில் சீவுளி தள்ளும்போதெல்லாம் யோசிக்கிறேன். கரடியின் எச்சத்தில் ஒரு விதை. மழை. இரண்டு இலை. தூரத்தில் புகை கக்கிக்கொண்டு 1905இல் யாழ்ப்பாணம் போகும் ரயில். கன்று முழங்கால் உயரத்தில் நிற்கும்போது மண்கூடை சுமந்த ஆட்கள் வரிசையாகப் போகிறார்கள். இரணைமடுக் குளக்கட்டு எழுகிறது. பிறகு முத்தையன்கட்டு. காடு வெட்டிக் குடியேறுகிறார்கள், கொட்டில்கள், வயல், மாட்டுவண்டி. மரம் இப்போதுதான் பூக்கிறது. 1990, ரயில் நிற்கிறது. மரத்தடியில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், தறப்பாள் கட்டுகிறார்கள். 2009, அடியில் ஒருவருமில்லை. சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. பிறகு ஆட்கள் திரும்பி வருகிறார்கள். 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் போகிறது. ஓர் இரவு உழவு இயந்திரம் ஒன்று விளக்கை அணைத்துக்கொண்டு வந்து மரத்தடியில் நிற்கிறது. மின்வாளின் சத்தம். அதற்கு மேல் அந்தப் படத்தில் யாரும் எதுவும் பேசத் தேவையில்லை.

தண்ணீர் போகும் வழியும் கமராவுக்கு அகப்படாது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதை வைத்துத்தான் வருடம் முழுவதும் சீவிக்க வேண்டும். அந்த மழையை முதலில் ஏந்துவது காடு. இலையில் தட்டி, சருகில் ஊறி, வேரோடு இறங்கி, மிஞ்சியது சிற்றோடைகளில் சேர்ந்து, பேராறாக முத்தையன்கட்டுக்கும் கனகராயன் ஆறாக இரணைமடுவுக்கும் வருகிறது. மேலே காடு மொட்டையானால் மண்ணும் கூடவே வந்து குளத்தின் அடியில் படியும். குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்க ஊரே திரண்டு போகிறது. ஆனால் அந்தத் தண்ணீரோடு எவ்வளவு மண் உள்ளே வந்து இறங்கியது என்பது மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. குளத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற ஒரு படம் வரைந்து அசைய விட்டால் எழுத்தறியாத கமக்காரரும் விளங்கிக்கொள்வார். 2018 மார்கழி வெள்ளத்தில் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எத்தனையோ பிள்ளைகள் நள்ளிரவில் தோளில் தூக்கிச் செல்லப்பட்டார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்று அவர்களுக்கு வரைந்து காட்டியவர் உண்டா?

யானைக்கும் இதே கதைதான். அது போய்வந்த பழைய வழி எது, அந்த வழியில் இப்போது எந்த வயல், எந்த வேலி, எந்த வீடு நிற்கிறது என்பதை ஆகாயத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து காட்ட வேண்டும். இரவெல்லாம் யானை வெடி கொளுத்திக்கொண்டு காவற்கொட்டிலில் கண்விழிக்கிற மனிதரின் பயமும் அதே படத்தில் இருக்க வேண்டும். அவரை விட்டுவிட்டு யானைக்காக மட்டும் அழுகிற படத்தை இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

சித்திரம் வன்னியில் வேலை செய்யும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை. போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறியபோது மிதிவெடி அபாயத்தைப் பற்றிச் சித்திரங்களாலும் தெருநாடகங்களாலும்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் நில், தெரியாத பொருளைத் தொடாதே, வந்த அடியிலேயே திரும்பிப் போ. முன்பள்ளிக் குழந்தைகள்கூட அதைச் சொன்னார்கள். எத்தனை கால்களை, எத்தனை உயிர்களை அந்தச் சித்திரங்கள் காப்பாற்றின என்று கணக்கெடுக்க முடியாது. அந்த வேலை செய்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் காடு என்றால் போகக்கூடாத இடம், வெடிக்கும் இடம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் தேனுக்கும் பழத்துக்கும் மருந்து வேருக்கும் போன காட்டை, ஒரு குழை முறித்து வைத்துப் பிள்ளையாரை நினைத்துவிட்டு உள்ளே நுழைந்த காட்டை, இவர்கள் வீதியிலிருந்து மட்டுமே கண்டு வளர்ந்தார்கள். உள்ளே என்ன நிற்கிறது என்று அறியாதவர்கள், அது வெட்டப்படும்போது எதை இழந்தோம் என்று எப்படி அறிவார்கள்? அன்று சித்திரத்தால் விதைத்த பயத்தை மாற்றவும் இன்று சித்திரம்தான் வேண்டும்.

என் மகள் கணினியில் படம் வரையப் படித்தவள். வெளிநாடுகளில் இந்த வேலை எப்படி நடந்தது என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அமெரிக்காவில் 1944இல் காட்டுத் தீயைத் தடுக்கும் பிரசாரத்துக்கு ஒரு கார்ட்டூன் படத்து மான்குட்டியை ஒரு வருடத்துக்குக் கடன் வாங்கினார்களாம். பிறகு தமக்கென்று தொப்பி போட்ட ஒரு கரடியை உருவாக்கினார்கள். அந்தக் கரடி இன்றுவரை அங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தீ என்றாலே கெடுதி என்று பல வருடம் எல்லாத் தீயையும் அணைத்துக்கொண்டே வந்ததில் காட்டுக்குள் காய்ந்த செத்தை குவிந்து, பின்னாளில் வந்த தீ இன்னும் பெரிதாகியது என்று அங்குள்ள அறிஞர்கள் சொல்லத் தொடங்கினார்கள். இடைக்கிடை சிறு தீயில் எரிந்து பழகிய காடுகள் அங்கே உண்டு. 2001இல் அந்தக் கரடியின் வாசகத்தையே திருத்தினார்கள். நம் காடு அப்படிப்பட்டதல்ல. இங்கே ஆவணியில் காடு எரிந்தால் அநேகமாக ஒரு மனிதரின் கை அதில் இருக்கும். வேட்டைக்கு வைத்ததோ, தேன் எடுக்கப் புகை போட்டதோ, காணி துப்புரவாக்கக் கொளுத்தியதோ. பிற தேசத்துக் கரடியையும் அதன் வாசகத்தையும் தமிழில் பேச வைத்து இங்கே இறக்கினால், நமக்குத் தேவையில்லாத பாடத்தையும் சேர்த்தே இறக்குவோம்.

இதற்கு மாறாக ஜப்பானில் நடந்ததைக் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது. 1988இல் அங்கே தொத்தோரோ என்ற காட்டு உயிரைப் பற்றி ஒரு கார்ட்டூன் படம் வந்தது. தோக்கியோ நகரத்தின் ஓரத்தில் உள்ள சயாமா குன்றுகள் அந்தப் படத்துக்குத் தூண்டுதலாக இருந்த இடங்களில் ஒன்று. வீடுகள் கட்டி அந்தக் குன்றுகள் மறைந்துவிடும் என்ற நிலை வந்தபோது, அங்குள்ளவர்கள் தொத்தோரோவின் பெயரில் ஒரு நிதியம் தொடங்கிச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் காட்டைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். படத்தில் கண்டது தங்கள் ஊர்க் காடு என்பதால்தான் அவர்கள் பையில் கையை விட்டார்கள்.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கும் பெரிய பணத்துக்கும் உரிய வேலை என்று நானும் நினைத்திருந்தேன். மகள் பட்டறையில் செய்து காட்டினாள். மேசையில் வெள்ளைப் பலகை ஒன்றைப் போட்டோம். அதற்கு நேர் மேலே அவளுடைய கைத்தொலைபேசி அசையாமல் நிற்க வேம்பில் ஒரு தாங்கி செய்து கொடுத்தேன். நிறத்துக்கு மரத்தூள். பலாத் தூள் மஞ்சள், பாலைத் தூள் செம்மை, தேக்குத் தூள் தவிட்டு நிறம். கரடிக்குக் கறுப்பு வேண்டும் என்றாள். பழைய கதிரை ஒன்றின் கருங்காலிக் காலைத் திருத்தியபோது விழுந்த தூளை ஒரு போத்தலில் போட்டு வைத்திருந்தேன், அது கரடியாயிற்று. முதிரைத் தூளை மட்டும் நான் தொட விடவில்லை, தோலில் பட்டால் கடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தூரிகையின் பின்பக்கத்தால் கரடியின் ஒரு காலைச் சிறிது நகர்த்துவாள், ஒரு படம் எடுப்பாள். மறுபடி நகர்த்துவாள், மறுபடி எடுப்பாள். பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு விநாடி. முதலில் பார்த்தபோது கரடி மரத்தில் வழுக்கிக்கொண்டு போனதே தவிர ஏறவில்லை. உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறுவது தெரிய வேண்டும் என்று அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூச்சுக் காற்றில் தூள் பறக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். மாலை முழுவதும் வேலை செய்து, சில விநாடிதான் வந்தது. ஆனால் அந்தச் சில விநாடியில் கரடி ஏறியது. கொப்பு தாழ்ந்தது. பழம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. கரடி இரவில் ஏறுமா பகலில் ஏறுமா? மரத்திலிருந்து எப்படி இறங்கும்? பாலை முதலில் பூக்குமா, இலை உதிர்க்குமா? எனக்குத் தெரியாதவற்றைத் தேன் எடுக்கப் போகும் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வரும்படி அனுப்பினேன். ஒரு வகுப்பறையில் யார் இத்தனை கேள்வி கேட்டார்கள்?

படம் பார்ப்பதைவிடப் படம் செய்வதால் வரும் பயன் பெரிது என்று அன்று கண்டேன். ஒரு மரத்தை வரைய வேண்டுமானால் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். இலை எப்படி அடுக்கியிருக்கிறது, பட்டை எப்படி வெடித்திருக்கிறது, எந்தப் பறவை எந்தக் கொப்பில் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். எனவே கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ செய்து முடித்த படங்களை வாங்கிப் போடுவதோடு நிறுத்தாமல், வன்னிப் பாடசாலைகளின் சித்திர வகுப்புகளிலும் கணினி வகுப்புகளிலும் இதைப் பழக்க வேண்டும் என்று கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். களிமண், காய்ந்த இலை, குளத்து மணல், மரத்தூள் எதுவும் போதும். மரத்தூள் வேண்டிய பாடசாலைகளுக்கு நான் நிறம் பிரித்து மூட்டையாகவே தருவேன். கைத்தொலைபேசித் தாங்கியும் செய்து தருவேன், கூலி வேண்டாம்.

இனி அந்தக் கெட்டவனுக்கு வருகிறேன். 2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்தபோது நம்மில் அநேகருக்குக் கூரை இல்லை. தறப்பாளின் கீழ் மழையையும் வெயிலையும் கழித்தோம். பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாம் சேர்த்து 50,000 வீடுகளுக்கான இந்திய வீடமைப்புத் திட்டம் ஒன்று மட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், யன்னல் வேண்டும், கூரைக்கு வளை வேண்டும். என் பட்டறையும் அந்த நாட்களில் இரவு பகலாக வேலை செய்தது. வீடில்லாத சனத்துக்கு வீடு வந்தது சரியான காரியம். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் அதோடு மர வியாபாரமும் வளர்ந்தது. தேவை தீர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. இன்று முதிரையும் பாலையும் இரவில் போவது கொட்டிலில் இருப்பவனின் கூரைக்காகவா? இல்லை. எங்கோ நகரத்தில் எழும் மாடிவீட்டின் வாசற்கதவுக்காக. உழவு இயந்திரம் ஓட்டுகிறவனுக்கு ஓர் இரவுக் கூலிதான். பிடிபட்டால் மறியலுக்குப் போகிறவனும் அவன்தான். இலாபம் எடுப்பவர் காட்டின் ஓரத்தைக்கூட மிதித்திருக்கமாட்டார்.

ஆகவே கோணல் பல்லனை விட்டுவிடுங்கள். வெட்டிய அடிக்கட்டையில் தொடங்கி அந்த மரத்தின் பின்னாலேயே போகிற ஒரு படத்தைச் செய்யுங்கள். காட்டுப் பாதையில் உழவு இயந்திரம், பிரதான வீதியில் வைக்கோலுக்கு அடியில் ஒளித்த குற்றி, மரக்காலை, பட்டறை, கடை, கடைசியில் நெய் பூசியதுபோல் மின்னுகிற ஓர் அழகிய கதவு. அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகும் குடும்பம் நம்மைப்போல உடுத்தி, நம்மைப்போலப் பேச வேண்டும். மரம் வாங்கும்போது அனுமதிப்பத்திரத்தைக் காட்டு என்று கேட்கும் பழக்கம் இன்னும் எத்தனை பேருக்கு இல்லை! என்னிடம் வருகிறவர்களில் அநேகர் விலையைக் கேட்பார்கள், நிறத்தைக் கேட்பார்கள், பத்திரத்தைக் கேட்கமாட்டார்கள். வளவில் நின்ற வேம்பிலும் பலாவிலும் மாவிலும் நல்ல கதவு செய்யலாம் என்று நான் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பெரியவர்களுக்கான படத்தில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கன்று நடுவதோடு முடிகிற முடிவையும் மாற்றச் சொல்கிறேன். கன்று நடுவது நல்ல காரியம், நடட்டும். ஆனால் பாலைக் காட்டை வெட்டிவிட்டு வரிசையாகத் தேக்கு நட்டால் அது தோட்டமாகும், காடாகாது. தேக்கு முப்பது நாற்பது வருடத்தில் பலகை தரும். கரடிக்கு ஒரு பழமும் தராது. நம் காட்டுக்கு வேண்டியது முக்கியமாக ஒன்று: நிற்பதை நிற்க விடுவது. பாழாய்ப்போன துண்டுகளை நெருப்பும் மாடும் மின்வாளும் தொடாமல் விட்டால், பறவையும் குரங்கும் கரடியும் கொண்டுவந்து போடும் விதையில் அது தானாகவே எழும். ஆட்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நம் வளவுகளுக்குள்ளேயே காடு வந்ததை மீளக்குடியேறிய எல்லாரும் கண்டோம். வாசற்படியைத் தேடக் கத்தியோடு போனோம். காட்டின் அந்தப் பலத்தைப் படத்தில் காட்டினால், கன்றோடு நின்று புகைப்படம் எடுப்பதே காட்டுப் பாதுகாப்பு என்ற எண்ணம் மாறும்.

எங்கே காட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். பாடசாலை மண்டபம் மட்டும் போதாது. ஒவ்வொரு குளத்தின் கீழும் மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது துருசு திறப்பது என்று பேசுவதற்காகக் கமக்காரர் எல்லாரும் கூடுகிற இடம் அது. மழைத்துளி காட்டிலிருந்து குளத்துக்கு வரும் படத்தை அங்கே ஐந்து நிமிடம் போடுங்கள். தண்ணீரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் சனம் கண் கொட்டாமல் பார்க்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வன்னி முழுவதும் வந்து குவிகிறது. வைத்தியசாலைக் கிளினிக்குகளில் தாய்மார் மணிக்கணக்கில் காத்திருக்கும் மண்டபங்களில் தொலைக்காட்சி தொங்குகிறது. ஏ9 வீதியில் ஓடும் பஸ்களில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் ஒதுக்கினால், யன்னலுக்கு வெளியே ஓடும் காடும் திரையில் ஓடும் காடும் ஒன்றாக இருக்கும். சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015இல் தேசிய பூங்காக்களாக்கப்பட்டன. இது அயலூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? காட்டுக்கான கட்டளைச் சட்டம் 1907இலேயே வந்துவிட்டது. சட்டமும் பலகையும் இருக்கின்றன. களவாய்ப் போகும் குற்றியைப் பிடிப்பது அதிகாரிகளின் வேலை, படம் அதற்கு ஈடாகாது. அந்தக் குற்றியை வாங்க மறுக்கும் மனத்தைப் படத்தால் உண்டாக்க முடியும்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதியில் நம் காட்டு மரங்களையும் மிருகங்களையும் பற்றிப் பிள்ளைகள் நேரில் பார்த்து வரைந்த சித்திரங்களுக்கு வாரம் ஓர் இடம் ஒதுக்குங்கள். காட்டுக்குப் போய்ப் பழகிய பெரியவர்கள் சொல்லும் செய்திகளை, எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பழத்துக்கு எந்தப் பறவை வரும் என்பன போன்றவற்றை, பக்கத்திலேயே அச்சிடுங்கள். அந்தப் பெரியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். படம் செய்ய முன்வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்கள் கதையும் தரும், பாத்திரமும் தரும். அடுத்த பாலைப்பழக் காலத்துக்கு முன் தொடங்கினால், பழம் பழுக்கும்போது பிள்ளைகள் மரத்தடியில் நின்று பார்த்து வரையலாம்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
ஒட்டுசுட்டான்.